நல்ல புகைப்படம்

கண்ணில் கூர்மை வேண்டும்.
ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம்.
ஃபிளாஷ் அடித்தால் நாய்க்குக் கண் இருக்காது,
இரண்டு பச்சைக் கோலிக்குண்டுதான் இருக்கும்.
நின்றபடி எடுக்காதீர்கள், முட்டி போடுங்கள்;
மேலிருந்து பார்த்தால் எந்த நாயும்
ஒரு முதுகும் ஒரு கெஞ்சலும்தான்.
எல்லோரிடமும் சொல்வதை
ரிம்விதாஸிடமும் சொன்னேன்.

கௌனாஸில் டிராலி பஸ் ஓட்டுகிற மனிதர்.
நவம்பர், மாலை நாலு மணிக்கே தெருவிளக்கு.
நேமுனாஸ் ஆற்றின் மூடுபனியைக்
கோட்டோடு உள்ளே கொண்டுவந்து
போனை நீட்டினார்.
நாற்பத்தாறு படம்.

வால் ஒன்று, சட்டகத்தை விட்டு வெளியேறிக்கொண்டு.
சோபாவுக்கு அடியில் ஒரு கருப்பு;
நாயா நிழலா என்று அவருக்கே சந்தேகம்.
பனியில் ஒரு கீறல். "ஓடுகிறான்" என்றார்.
கேமராவை நக்க வந்த மூக்கு, திரை முழுக்க.
பெயர் பிபிராஸ். மிளகு.
"ஒரு நொடி நிற்க மாட்டான்,
கம்பு ரொட்டியைக் காட்டினாலும்."

இதில் எதையும் வரைய முடியாது என்றேன்.
கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.
போன மாதம் ஒரு பூனைக்காரி
மீசையில் ஒரு முடி குறைகிறதென்று
பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தாள்.

கடைசியில் ஒன்று வைத்திருந்தார், தனியாக.
அப்படியொரு படம் எனக்கு யாரும் தந்ததில்லை.
பக்கவாட்டு ஜன்னல், வடக்கு வெளிச்சம்,
இமைமுடியை எண்ணலாம்,
மார்பின் வெள்ளைத் திட்டு மாவு சிந்தியதுபோல.
நேராக, நிதானமாக, கண்ணுக்குக் கண்.
"இது இருக்கும்போது
அதையெல்லாம் எதற்குக் காட்டினீர்கள்?"

குல்லாயை மடியில் வைத்துத் திருப்பினார், திருப்பினார்.
"கால்நடை மருத்துவரின் மேசை.
அன்றைக்கு மட்டும்தான் அசையாமல் இருந்தான்."

பாதி முன்பணத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
வேறென்ன செய்ய.

மூக்கிலிருந்து கண் எவ்வளவு,
கண்ணிலிருந்து காது எவ்வளவு,
அளவெல்லாம் அந்த மேசையிலிருந்து எடுத்தேன்.
கருப்பு நாய்க்குக் கருப்பு போதாது:
முதுகுக்கு நீலம் வேண்டும்,
தாடைக்கடியில் கொஞ்சம் செங்கல்.
பத்து நாளில் ஒரு நாய் வந்துவிட்டது.
கச்சிதமான நாய்.
சொன்ன பேச்சுக் கேட்கிற நாய்.
யாருடையதோ.

போன் செய்தேன். கடைசி நிறுத்தத்தில் இருந்தார்.
பூட்டில் சாவி திரும்பினால்
எந்தக் காது முதலில் எழும்பும்?
அந்தப் பக்கம் பேச்சில்லை.
"இடது. இல்லை, இருங்கள்."
அவர் தன் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டது
எனக்குக் கேட்டது என்றுதான் சொல்வேன்.
"வலது. நுனி மட்டும் மடிந்தே இருக்கும்."
பின்னால் யாரோ ஒரு பெண்,
வண்டி எடுப்பீர்களா மாட்டீர்களா என்று.

வலது காதைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன்.
அந்த நாற்பத்தாறையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன்,
கீறல், வால், மூக்கு, சந்தேகம் எல்லாவற்றையும்.
மறுபடி முதலிலிருந்து.
தலையைத் துணியின் ஓரத்துக்குத் தள்ளினேன்,
அடுத்த கணம் சட்டத்தைத் தாண்டிவிடும் என்கிற மாதிரி.
ஒரு கண் சரியாகத் தெரியவே தெரியாது.
நான் சொல்கிற விதிப்படி
இது திருப்பி அனுப்ப வேண்டிய படம்.

கருப்பு மெதுவாகத்தான் காயும்,
இன்னும் இரண்டு வாரம் விடுங்கள் என்றேன்.
விடவில்லை.
மீதியைச் சில்லறையோடு எண்ணி வைத்தார்,
கையோடு கொண்டுவந்த பழைய போர்வையில் சுற்றினார்,
அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.
படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
கதவைச் சாத்தினாரா என்றும் நினைவில்லை.

ஒரு வாரம் கழித்து அழைப்பு.
"ஈரத்தில் போர்வை முடி ஒட்டிக்கொண்டுவிட்டது.
மூன்று. அவனுடையதுதான்."
டர்பன்டைன், மெல்லிய பருத்தித் துணி,
அழுத்தாமல், மேலிருந்து கீழாக என்று
நான் அடுக்கிக்கொண்டே போனேன்.
"அதைக் கேட்கவில்லை," என்றார்.
"உதிராமல் இருக்க என்ன பூச வேண்டும்?"